பார்க்கின்சன் நோய்: மூளை ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

சர்க்கரை நோய் என்றால் ரத்தத்தில் ஒரு எண் வருகிறது. புற்றுநோய் என்றால் ஸ்கேன் பார்த்து எந்த ஸ்டேஜ் என்று சொல்கிறார்கள். நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கு? "ஒரு ஸ்கேன் எடுத்துட்டா எவ்ளோ முத்தியிருக்குன்னு தெரிஞ்சிடும்ல டாக்டர்?" என்பது நரம்பியல் மருத்துவர்களிடம் குடும்பத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் பாதி 'ஆம்', பாதி 'இல்லை'. நோய் இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகத்தைத் தீர்ப்பதில் ஸ்கேன் கெட்டிக்காரன். நோய் எவ்வளவு வேகமாகப் போகிறது, மருந்து அதைத் தடுக்கிறதா என்று கேட்டால், அதே ஸ்கேன் சில நேரம் குழப்பிவிடுகிறது.

இது ஒரு குடும்பத்தின் செலவு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, 2019-லேயே உலகில் 85 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த நோயுடன் வாழ்ந்தனர். நோயின் வேகத்தைக் குறைக்கும் மருந்து என்று நிரூபிக்கப்பட்ட ஒன்றுகூட இன்றுவரை இல்லை. அப்படி ஒன்று வந்தால், அது வேலை செய்கிறது என்பதை எதை வைத்து அளப்பது? இந்த இடத்தில்தான் ஸ்கேன் பற்றிய விவாதம் சூடு பிடிக்கிறது.

மூளைக்குள் நடப்பது என்ன?

மூளைத் தண்டின் மேல்பகுதியில் 'சப்ஸ்டான்ஷியா நைக்ரா' என்று ஒரு சிறிய கருநிறத் திட்டு இருக்கிறது. அங்குள்ள நரம்பு செல்கள் டோபமைன் என்ற ரசாயனத்தைத் தயாரிக்கின்றன. அவற்றின் நீண்ட இழைகள் மூளையின் நடுவே உள்ள 'ஸ்ட்ரையேட்டம்' என்ற பகுதிக்குப் போய் டோபமைனைக் கொண்டு சேர்க்கின்றன. நாம் நினைத்தவுடன் கை நீள்வதற்கும், கால் எட்டு வைப்பதற்கும் இந்த சப்ளை தேவை.

பார்க்கின்சன் நோயில் இந்த செல்கள் மெதுமெதுவாக அழிகின்றன. அசைவு மந்தமாகிறது, உடல் இறுகுகிறது, பலருக்குக் கை நடுங்குகிறது. இதில் கவனிக்க வேண்டியது, முதல் அறிகுறி தெரியும் நேரத்தில் ஸ்ட்ரையேட்டத்துக்குப் போகும் டோபமைன் இழைகளில் பாதி, சில பகுதிகளில் அதற்கும் மேல், ஏற்கனவே போயிருக்கும். அதாவது வெளியே தெரியும் முன்பே நோய் பல ஆண்டுகள் உள்ளே வேலை பார்த்திருக்கும்.

சாதாரண எம்ஆர்ஐ எடுத்தால் இந்த இழப்பு பெரும்பாலும் தெரியாது. "எம்ஆர்ஐ நார்மல்னு வந்துடுச்சு, அப்போ ஒண்ணும் இல்ல" என்று நிம்மதி அடைவது தவறு. பக்கவாதம், கட்டி, மூளையில் நீர் கோர்ப்பது போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்யவே அந்த எம்ஆர்ஐ.

டாட் ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது?

டோபமைன் இழைகளின் நுனியில் ஒரு புரதம் இருக்கிறது. வெளியே விட்ட டோபமைனை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்வது அதன் வேலை. இதன் பெயர் டோபமைன் டிரான்ஸ்போர்ட்டர், சுருக்கமாக 'டாட்'. இந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்தில் மிகச் சிறிய அளவு கதிரியக்கப் பொருளைச் சேர்த்து ஊசி போடுகிறார்கள். சில மணி நேரம் கழித்து ஸ்பெக்ட் கேமராவில் படம் எடுக்கிறார்கள்.

நலமான மூளையில் இரு பக்கமும் இரண்டு கமா குறிகள் போல வெளிச்சம் தெரியும். பார்க்கின்சன் நோயில் கமாவின் வால் மறைந்து, முற்றுப்புள்ளி போல ஒரு பொட்டு மட்டும் மிஞ்சும். பெரும்பாலும் ஒரு பக்கம் அதிகமாகக் குறைந்திருக்கும்.

ஐரோப்பாவில் 2000-லும், அமெரிக்காவில் 2011-லும் இந்தப் பரிசோதனைக்கான மருந்து அனுமதி பெற்றது. இந்தியாவில் பல மையங்களில் செய்யப்படுவது இதன் உறவுக்காரரான 'ட்ரோடாட்' ஸ்கேன். அணு மருத்துவத் துறைகளில் அன்றாடம் புழங்கும் டெக்னீஷியம் என்ற பொருளை வைத்தே இதைச் செய்துவிடலாம் என்பது இதன் வசதி. ஃப்ளூரோடோபா பெட் ஸ்கேன் என்பது இன்னொரு வகை. டோபமைன் தயாரிக்கும் திறன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அது காட்டும்.

எங்கே ஸ்கேன் உண்மையிலேயே உதவும்?

முதலாவது, நடுக்கத்துக்குக் காரணம் பார்க்கின்சனா, 'எசென்ஷியல் ட்ரெமர்' எனப்படும் வேறு வகை நடுக்கமா என்று மருத்துவரால் முடிவுக்கு வர முடியாதபோது. இரண்டாவது வகையில் டாட் ஸ்கேன் நார்மலாக வரும்.

இரண்டாவது, மருந்தால் வந்த நடுக்கமா என்ற சந்தேகம் வரும்போது. நம்ம ஊரில் இது முக்கியம். தலைச்சுற்றலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கப்படும் சின்னாரிசின், ஃப்ளூனாரிசின், வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைட், அசிடிட்டி மாத்திரையோடு சேர்ந்து வரும் லெவோசல்பிரைட், சில மனநல மருந்துகள் ஆகியவை பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளை உண்டாக்கக்கூடும். இவை டோபமைன் செல்களைக் கொல்வதில்லை, டோபமைன் வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. அதனால் ஸ்கேனில் இரண்டு கமாவும் பளிச்சென்று இருக்கும். பெரும்பாலானோருக்கு மருந்தை நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும். ஆனால் எந்த மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

சர்வதேச பார்க்கின்சன் மற்றும் இயக்கக் கோளாறுகள் சங்கம் 2015-ல் வெளியிட்ட விதிகளின்படி, டாட் ஸ்கேன் நார்மல் என்றால் அது பார்க்கின்சன் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதே விதிகளில், நோயை உறுதி செய்ய ஸ்கேன் கட்டாயம் இல்லை. அறிகுறிகளும், மருந்துக்கு உடல் காட்டும் பலனும் தெளிவாக இருந்தால் மருத்துவரின் பரிசோதனையே போதும்.

ஒரு எல்லையும் உண்டு. பிஎஸ்பி, எம்எஸ்ஏ என்று பார்க்கின்சனைப் போலவே தோன்றும், ஆனால் அதைவிட வேகமாகப் போகும் நோய்கள் இருக்கின்றன. அவற்றிலும் டோபமைன் இழைகள் அழிகின்றன. அதனால் டாட் ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து இது பார்க்கின்சன், இது பிஎஸ்பி என்று பிரிக்க முடியாது.

வருஷா வருஷம் எடுத்தால் வேகம் தெரியுமா?

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

நூற்றுக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்தால் ஸ்கேன் சிக்னல் ஆண்டுக்கு ஆண்டு குறைவது தெளிவாகத் தெரிகிறது. 2002-ல் வெளியான 'காம்-பிடி' ஆய்வில், லெவோடோபா மருந்தில் தொடங்கிய நோயாளிகளுக்கு 46 மாதங்களில் சராசரியாக 25.5 சதவீதம் சிக்னல் குறைந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 6 அல்லது 7 சதவீதம். வயதானால் எல்லோருக்கும் கொஞ்சம் குறையும்தான். ஆனால் அந்தக் குறைவுக்குப் பத்து ஆண்டுகள் ஆகும்.

இது கூட்டத்தின் சராசரி. ஒரு தனி நபரை எடுத்துக்கொண்டால் கதை வேறு. ஒரே ஆளுக்கு இரண்டு முறை ஸ்கேன் எடுத்தால், நோய் துளியும் மாறாவிட்டாலும் கேமரா, கணக்கிடும் முறை, தலை வைத்த கோணம் போன்ற காரணங்களால் அளவீட்டில் சில சதவீதம் ஏற்ற இறக்கம் வரும். ஓராண்டில் நோயால் வரும் மாற்றமும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆகவே "போன வருஷத்தைவிட 5 சதவீதம் கொறஞ்சிருக்கு" என்று ஒரு ரிப்போர்ட் சொன்னால், அது நோயா, அளவீட்டின் தடுமாற்றமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

ஆள் தேறினார், ஸ்கேன் மோசமானது: 2004 தந்த அதிர்ச்சி

லெவோடோபா என்பது பார்க்கின்சன் சிகிச்சையின் அச்சாணி. நம்ம ஊர் மருந்துக் கடைகளில் 'சின்டோபா' என்று கேட்டு வாங்குவது இதையும் கார்பிடோபாவையும் சேர்த்த மாத்திரைதான். இந்த மருந்தே நோயை வேகப்படுத்துமோ என்ற பயம் மருத்துவ உலகில் நீண்டகாலம் இருந்தது. அதைத் தீர்க்க நடந்ததுதான் 'எல்டோபா' ஆய்வு.

புதிதாக நோய் கண்டறியப்பட்ட 361 பேர். சிலருக்கு வெற்று மாத்திரை, மற்றவர்களுக்கு நாளொன்றுக்கு 150, 300, 600 மில்லிகிராம் என மூன்று அளவுகளில் லெவோடோபா. 40 வாரம் மருந்து, பிறகு 2 வாரம் நிறுத்தம். மருந்தின் தற்காலிகப் பலன் வடிந்த பிறகு யார் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பது திட்டம்.

லெவோடோபா எடுத்தவர்கள் நன்றாக இருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களின் மொத்த நோய் மதிப்பெண் 7.8 புள்ளி மோசமானது. 600 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கோ ஆரம்பத்தைவிட 1.4 புள்ளி மேம்பட்டிருந்தது.

ஆனால் இவர்களில் 142 பேருக்கு எடுத்த டாட் ஸ்கேன் நேர் எதிராகச் சொன்னது. வெற்று மாத்திரைக் குழுவில் சிக்னல் 1.4 சதவீதம் மட்டுமே குறைந்தது. 600 மில்லிகிராம் குழுவில் 7.2 சதவீதம் குறைந்தது. ஆளைப் பார்த்தால் மருந்து காப்பாற்றுகிறது, படத்தைப் பார்த்தால் மருந்து அழிக்கிறது. எதை நம்புவது?

அந்த ஆய்விலேயே இன்னொரு விஷயமும் வெளிப்பட்டது. பார்க்கின்சன் என்று மருத்துவர்கள் சேர்த்தவர்களில் 19 பேருக்கு முதல் ஸ்கேனே நார்மல். நிபுணர்களுக்கே ஆரம்பகட்டத்தில் கண்டறிதல் தவறலாம் என்பதை அந்த ஸ்கேன் காட்டியது. ஆக, ஒரே ஆய்வில் ஸ்கேனின் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரிந்தன.

லெவோடோபா பற்றிய கேள்விக்கு 2019-ல் நெதர்லாந்தில் நடந்த 'லீப்' ஆய்வு ஓரளவு விடை சொன்னது. 445 பேரில் ஒரு பாதியினர் உடனே லெவோடோபா தொடங்கினர், மறு பாதியினர் 40 வாரம் தாமதமாகத் தொடங்கினர். 80 வாரம் முடிவில் இரு குழுவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதாவது, சீக்கிரம் தொடங்கியதால் நோய் வேகம் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. "மாத்திரைய சீக்கிரம் ஆரம்பிச்சா நோய் முத்திடும்" என்று தள்ளிப்போட வேண்டிய அவசியம் இல்லை என்பதற்கு இது வலுவான ஆதாரம்.

ஏன் இந்த முரண்பாடு?

காரணம் ஒன்று: டாட் ஸ்கேன் செல்களை எண்ணுவதில்லை. இழை நுனியில் உள்ள ஒரு புரதத்தின் அளவைத்தான் பார்க்கிறது. டோபமைன் பற்றாக்குறை வந்தால், மிச்சமிருக்கும் செல்கள் சமாளிப்பதற்காக அந்தப் புரதத்தைக் குறைத்துக்கொள்ளும். மருந்து அந்தச் சமாளிப்பை மாற்றலாம். அப்போது செல் ஒன்றுகூட சாகாமலே சிக்னல் மாறும். வேலைக்கு வந்தவர்களை எண்ணாமல் வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணுவது போன்ற நிலைமை இது.

காரணம் இரண்டு: அளவுகோல் சீக்கிரமே தரை தட்டிவிடுகிறது. நோயாளிகள் இறந்த பிறகு அவர்களின் மூளையைப் பரிசோதித்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, நோய் கண்டறிந்து நான்கு ஆண்டுகளிலேயே ஸ்ட்ரையேட்டத்தின் முக்கியப் பகுதியில் டோபமைன் இழைகள் ஏறக்குறைய காலியாகிவிடுவதைக் காட்டியது. ஆனால் நோயாளி அதன்பின் 15, 20 ஆண்டுகள் வாழ்கிறார், நோயும் கூடிக்கொண்டே போகிறது. ஸ்கேனிலோ குறைவதற்கு மிச்சம் ஏதும் இல்லை.

காரணம் மூன்று: நோய் டோபமைனோடு நிற்பதில்லை. பின்னாளில் வாழ்க்கையை முடக்கும் தள்ளாட்டம், கீழே விழுவது, ஞாபக மறதி போன்றவற்றுக்கு மூளையின் வேறு பகுதிகளும் காரணம். டாட் சிக்னல், அசைவு மந்தத்தோடும் இறுக்கத்தோடும் ஓரளவு ஒத்துப்போகிறது. நடுக்கத்தோடு அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. ஆகவே கை அதிகம் நடுங்கினால் ஸ்கேனும் மோசமாக இருக்கும் என்று கணக்குப் போட முடியாது.

இப்போது ஏன் மறுபடி பேச்சு?

2024-ல் 'லான்செட் நியூராலஜி' இதழில் ஆய்வாளர்கள் குழு ஒன்று புதிய நிலைப் பட்டியலை முன்வைத்தது. அறிகுறியை வைத்து நோயை நிர்ணயிக்காமல், உடலில் உள்ள உயிரியல் மாற்றத்தை வைத்து நிர்ணயிக்க வேண்டும் என்பது அதன் சாரம். முதல் தூண், ஆல்ஃபா சைனுக்ளியின் என்ற புரதம் தவறாக மடிந்திருக்கிறதா என்று முதுகுத் தண்டு நீரில் பார்க்கும் பரிசோதனை. மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளை 2010 முதல் நடத்திவரும் 'பிபிஎம்ஐ' ஆய்வில் 1,123 பேரிடம் செய்து பார்த்ததில், பார்க்கின்சன் நோயாளிகளில் சுமார் 88 சதவீதம் பேருக்கு இது பாசிட்டிவ் ஆனது.

ஆனால் இந்தப் பரிசோதனை 'இருக்கு, இல்லை' என்று மட்டுமே சொல்கிறது. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று சொல்வதில்லை. அதனால் இரண்டாவது தூணாக டாட் ஸ்கேனை வைத்திருக்கிறார்கள். புரதம் மட்டும் மாறியிருந்தால் ஒரு நிலை, டோபமைன் இழப்பும் தெரிந்தால் அடுத்த நிலை. அதற்குப் பிறகு வரும் நிலைகளை, அன்றாட வேலைகளில் வரும் சிரமம்தான் தீர்மானிக்கிறது. புதிய பட்டியலிலும் ஸ்கேனுக்குக் கொடுத்திருப்பது நுழைவாயில் காவலர் வேலைதான், கிலோமீட்டர் கல் வேலை அல்ல. இது ஆராய்ச்சிக்கு மட்டும், கிளினிக்கில் பயன்படுத்துவதற்கு அல்ல என்றும் அதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் 2018-ல் இதே கோட்டில்தான் நின்றது. மருந்து ஆய்வுக்குச் சரியான நோயாளிகளைத் தேர்ந்தெடுக்க டாட் ஸ்கேனைப் பயன்படுத்தலாம் என்று ஏற்றுக்கொண்டது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு சாட்சியாக அதை ஏற்பது வேறு விஷயம்.

2022-ல் வெளியான சின்பனெமாப், பிரசினெசுமாப் மருந்து ஆய்வுகளில், ஓராண்டு முடிவில் நோயாளிகளின் மதிப்பெண்ணிலும் பலன் இல்லை, டாட் ஸ்கேனிலும் வித்தியாசம் இல்லை. இரண்டும் ஒரே திசையில் சொன்னதால் முடிவு சுலபமானது. இனி வரும் ஒரு மருந்தில் ஸ்கேன் மட்டும் நல்ல செய்தி சொன்னால்? அல்லது 2004 போல எதிராகச் சொன்னால்? படத்தை மட்டும் நம்பி அனுமதி கொடுத்தால், பலன் இல்லாத மருந்துக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கப்போவது நோயாளிகள்தான். படத்தை மட்டும் நம்பித் தூக்கிப்போட்டால், நல்ல மருந்து ஒன்றை இழக்கப்போவதும் அவர்கள்தான்.

எம்ஆர்ஐ-யில் புது நம்பிக்கை

ஊசி, கதிரியக்கம் எதுவும் இல்லாமல் எம்ஆர்ஐ-யிலேயே வேகத்தை அளக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. செல்கள் அழியும் இடத்தில் தண்ணீர் மூலக்கூறுகள் தடையின்றி அலையும். அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் இந்தக் 'கட்டற்ற நீர்' அளவை எடுத்தபோது, ஓராண்டிலும் நான்கு ஆண்டுகளிலும் அது படிப்படியாகக் கூடுவது தெரிந்தது. டாட் ஸ்கேன் தரை தட்டிய பிறகும் இது நகருமா என்பதுதான் எதிர்பார்ப்பு. அந்தப் பகுதிக்குக் கருநிறம் தரும் நியூரோமெலனின் நிறமி குறைவதைப் படம் பிடிக்கும் முறையும் சோதனையில் இருக்கிறது.

இதே நீர் அளவீட்டை செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் கொடுத்து, பார்க்கின்சனையும் பிஎஸ்பி, எம்எஸ்ஏ நோய்களையும் பிரிக்கும் முயற்சி, அமெரிக்காவிலும் கனடாவிலும் 21 மையங்களில் நடந்து, 2025-ல் 'ஜாமா நியூராலஜி' இதழில் நல்ல முடிவுகளோடு வெளியானது. பிஎஸ்பி நோயில் நடுமூளை சுருங்குவது எம்ஆர்ஐ-யில் கண்ணுக்கே தெரியும் என்பதால், அங்கே எம்ஆர்ஐ ஏற்கனவே கைகொடுக்கிறது. பார்க்கின்சனில் இன்னும் அந்த நிலை வரவில்லை.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

- நோய் உறுதியாகி, மருந்துக்கு நல்ல பலனும் கிடைக்கும் ஒருவருக்கு 'எவ்வளவு முற்றியிருக்கிறது' என்று பார்க்க ஆண்டுதோறும் டாட் ஸ்கேன் எடுப்பதால் சிகிச்சை பெரும்பாலும் மாறாது. ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், "இதோட ரிசல்ட் எப்படி வந்தா என்ன மாத்துவீங்க டாக்டர்?" என்று கேட்கலாம். தெளிவான பதில் வந்தால் எடுக்கலாம்.
- ஸ்கேன் எடுக்கும் முன், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் கொடுக்க வேண்டும். புப்ரோபியான், மெத்தில்ஃபெனிடேட் போன்ற சில மருந்துகள் படத்தை மாற்றிவிடும். லெவோடோபாவை இதற்காகப் பொதுவாக நிறுத்தத் தேவையில்லை.
- நோயின் வேகத்தை அளக்க இன்று கையில் இருக்கும் நல்ல கருவி அன்றாட நடமாட்டம்தான். மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார், எப்போது பலன் வடிகிறது, சட்டைப் பொத்தான் போட எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை முறை தடுமாறினார் என்று ஒரு நோட்டில் எழுதி, செல்போனில் நடையை வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டினால் அது பெரிய உதவி.
- முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே அடிக்கடி கீழே விழுவது, மாத்திரைக்கு உடல் பலன் காட்டாமல் இருப்பது, எழுந்து நின்றால் மயக்கம் வருவது போன்றவை தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. அது பார்க்கின்சனைப் போன்ற வேறு நோயாக இருக்கலாம். இந்த இடத்தில் மறுபரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் நிச்சயம் வேலை இருக்கிறது.

கூட்டத்தின் போக்கைக் கணிக்க மூளைப் படம் உதவுகிறது. ஒரு மனிதரின் அடுத்த ஐந்து ஆண்டுகளை அதில் படிக்கும் திறமை மருத்துவத்துக்கு இன்னும் வரவில்லை. அது வரும் வரை, ரிப்போர்ட்டில் இருக்கும் சதவீதத்தைப் பார்த்து மனம் உடையவும் வேண்டாம், அதை நம்பி மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.